‘தொழிலாளர் கட்டுப்பாடு’: புணேயின் சுமைத்தொழில் வரலாற்றை முன்வைத்து ஒரு சொற்பொருள் ஆய்வு

0. முன்னுரை

பணியிட நலம் குறித்த ஆங்கில நூல்களைத் தமிழிலோ மராத்தியிலோ பெயர்ப்போர் தவிர்க்கவியலாமல் எதிர்கொள்ளும் சொல்லாட்சிகள் இரண்டு. ஒன்று ‘வொர்க்கர் கன்ட்ரோல்’, மற்றொன்று ‘ஸ்ட்ரெஸ்’. தொழிலாளிக்குத் தன் பணியின்மீது பிடி கூடக்கூட, அப்பணி அவருடைய உடலையும் உள்ளத்தையும் சிதைப்பது குறையும் என்பது அத்துறையின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. இதனைத் ‘தொழிலாளர் கட்டுப்பாடு மன அழுத்தத்தைத் தடுக்கும்’ என்று தமிழாக்கினால், தொழிலாளரைக் கட்டுக்குள் வைத்திருந்தால் அவர்களுக்கு மன அழுத்தம் வராது என்னும் பொருளே படிப்போர்க்கு முதலில் தோன்றும். இது மூலத்துக்கு நேர்மாறான பொருள். இலக்கணப் பிழை என்று இதனைத் தள்ளிவிடவும் இயலாது. தொடர் இலக்கணப்படி செம்மையானதே.

இம்மயக்கம் சொல்லளவில் நின்றுவிடுவதன்று. 2024ஆம் ஆண்டு புணேயில் இளம் பணியாளர் ஒருவரின் இறப்பையொட்டி, அலுவலகப் பணிச்சுமை குறித்து நாடெங்கும் விவாதம் எழுந்தது. அவ்விவாதத்தில் எதிரெதிர்த் தரப்பினர் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் ஆண்டனர். ஒரு சாரார்க்கு மன அழுத்தம் என்பது வேலையில் உள்ளது, வேலையை மாற்றவேண்டும். மறுசாரார்க்கு அது வேலை செய்பவரின் மனத்தில் உள்ளது, மனத்தைத் திடப்படுத்தவேண்டும். அவ்விறப்பின் காரணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் அதே நகரில், அரை நூற்றாண்டுக்கும் முன்னரே, மன அழுத்தம் என்னும் சொல்லைப் பயன்படுத்தாமலேயே தம் பணியின்மீது ஓரளவு பிடியை வென்றெடுத்த தொழிலாளர் இருந்தனர். அவர்கள் மூட்டை சுமக்கும் ஹமால்கள். அவர்களுடைய வரலாற்றையும் மேற்சுட்டிய இரு சொற்களின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குவது மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும்.

1. கட்டுப்பாடு

‘கட்டுப்பாடு’ என்பது ‘கட்டுப்படு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர் (படு > பாடு). ‘கட்டுப்படுத்து’ என்னும் பிறவினைக்கு உரிய பெயர் அன்று. எனவே அது கட்டும் செயலைக் காட்டிலும் கட்டுண்ட நிலையையே முதன்மையாகக் குறிக்கிறது. இதனை முன்மொழியாக வேறொரு பெயர் வரும் தொகைகளில் தெளிவாகக் காணலாம்.

(1) விலைக் கட்டுப்பாடு, வாடகைக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு
(2) ஊர்க் கட்டுப்பாடு, சாதிக் கட்டுப்பாடு, கட்சிக் கட்டுப்பாடு

(1)இல் முன்மொழி செயப்படுபொருள். விலை கட்டுப்படுகிறது, வாடகை கட்டுப்படுகிறது. (2)இல் முன்மொழி கட்டும் தரப்பு, ஊர் கட்டுகிறது. எனினும் ஊர் கட்டுவது வேறெதனையும் அன்று, தன் உறுப்பினரையே. கட்சிக் கட்டுப்பாடும் அவ்வாறே. ஒரு குழு தனக்குப் புறத்தேயுள்ள ஒன்றை, எடுத்துக்காட்டாகப் பணியின் வேகத்தை, பொறியை, வேலை நேரத்தை, தன் பிடிக்குள் கொண்டுவருதல் என்னும் பொருள் இவ்விரு வகையிலும் இல்லை. ‘தொழிலாளர் கட்டுப்பாடு’ என்பதைப் படிக்கும் தமிழர் அதனை (1)இன் வழியே தொழிலாளரை அடக்குதல் என்றோ, (2)இன் வழியே சங்க ஒழுங்கு என்றோதான் கொள்வர்.

இத்தகைய மயக்கத்தைத் தமிழ் மரபிலக்கணம் முன்னரே கண்டுள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என ஒன்றைக் கூறுகிறது. இரண்டாம் வேற்றுமைப் பொருளும் மூன்றாம் வேற்றுமைப் பொருளும் ஒரே தொகையில் தடுமாறி நிற்பது அது. உரையாசிரியர் காட்டும் ‘புலிகொல் யானை’ என்னும் எடுத்துக்காட்டு மாணவரும் அறிந்தது. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? பின்வரும் சொல்லே தீர்ப்புக் கூறும் என்பது இலக்கண மரபின் விடை. யானை ஓடுகிறது என்றால் கொன்றது யானை. யானையின் கோடு வந்தது என்றால் இறந்தது யானை. தொழிலாளர் கட்டுப்பாடு என்னும் தொடரில் யார் புலி, யார் யானை என்பதும் இவ்வாறே பின்வரும் சொல்லை நோக்கி நிற்கிறது. இடர் யாதெனில், ‘தடுக்கும்’, ‘குறைக்கும்’, ‘தேவை’ என்று மொழிபெயர்ப்பில் பின்வரும் சொற்கள் இரு பொருளுக்கும் ஒத்துப்போவன.

ஆங்கிலத் தொடரிலும் இம்மயக்கம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அத்தொடருக்கு ஒரு வரலாறு இருந்தது. அது பொருளை ஒரு பக்கம் சாய்த்தது. ‘கன்ட்ரோல்’ என்னும் சொல்லின் மூலம் பழைய பிரெஞ்சின் ‘கோந்த்ர்-ரோல்’. ஒரு கணக்கேட்டைச் சரிபார்ப்பதற்காக மற்றொருவர் வைத்திருக்கும் எதிர்ப்பதிவேடு என்பது அதன் முதற்பொருள். அடக்குதல், ஆளுதல் ஆகியவை பின்னர் வந்த பொருள்கள். ரஷ்ய மொழியின் ‘கொன்த்ரோல்’ இன்றளவும் கண்காணிப்பு, சரிபார்ப்பு என்னும் பொருளுக்கே நெருங்கியது. 1917 நவம்பரில் சோவியத் அரசு பிறப்பித்த தொழிலாளர் கட்டுப்பாட்டு ஆணையில் அச்சொல் ஆலையைத் தொழிலாளரே நடத்துவதைக் குறித்ததா, முதலாளி நடத்தும் ஆலையின் கணக்கைத் தொழிலாளர் மேற்பார்ப்பதைக் குறித்ததா என்பது வரலாற்றாசிரியர் நெடிது விவாதித்த வினா. எதிர்ப்பதிவேடு என்னும் இப்பழம்பொருள் புணே வரலாற்றைப் படிக்கும்போது மீண்டும் நினைவுக்கு வரும்.

2. அழுத்தமும் உளைச்சலும்

தமிழ்வழிப் பள்ளி இயற்பியல் நூல்கள் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதைத் தகைவு என்றும், அதனால் பொருளில் விளையும் மாற்றமாகிய ‘ஸ்ட்ரெய்ன்’ என்பதைத் திரிபு என்றும், ‘பிரஷர்’ என்பதை அழுத்தம் என்றும் மூன்றாகப் பிரித்து வழங்குகின்றன. உளவியலுக்கு வந்தபோது இம்மூன்றும் ஒன்றாயின. எல்லாம் மன அழுத்தம் ஆயிற்று. போதாக்குறைக்கு, மனச்சோர்வு எனத் தனியே வழங்கவேண்டிய நோயையும் நாளிதழ்கள் மன அழுத்தம் என்றே எழுதுகின்றன. (மொழியியலார் அசைக்குத் தரும் அழுத்தத்தையும் சேர்த்தால் அச்சொல்லின் பளு இன்னும் கூடும்.)

இக்கலப்புக்குத் தமிழ் மட்டும் பொறுப்பன்று. 1936இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான சிறு குறிப்பின் மூலம் இத்துறையைத் தொடங்கிவைத்த ஹான்ஸ் செல்யே, புறத்தேயுள்ள விசைக்கு உரிய ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் பெயரைப் பின்னர் உடலில் விளையும் மாற்றத்துக்கு இட்டார். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று. ‘ஸ்ட்ரெய்ன்’ என்பதே பொருத்தமாக இருந்திருக்கும் என்று அவரே பிற்காலத்தில் கருதினார் என்பர். பொறியியலில் விசை புறத்தது, திரிபு அகத்தது என்றிருந்த பிரிவு இவ்வாறு குலைந்தது.

இப்பிரிவை மீட்டவர் என 1979இல் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்ட ராபர்ட் கராசெக்கைக் குறிப்பிடலாம். ஸ்வீடன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் தரவுகளைக் கொண்டு அவர் இரண்டு அளவைகளைப் பிரித்தார். ஒன்று பணி கோரும் உழைப்பு. மற்றது பணியாளர்க்கு முடிவெடுக்க உள்ள இடம். கோரிக்கை மிகுந்து இடம் குறைந்த பணியே மனத்தையும் உடலையும் திரிபுறச் செய்கிறது; கோரிக்கை மிகுந்திருந்தும் இடமும் மிகுந்திருந்தால் பணியாளர் கற்கிறார், வளர்கிறார் என்பது அவர் முடிபு. லண்டன் அரசு ஊழியரிடையே மைக்கேல் மார்மட் குழுவினர் 1985 முதல் நடத்திய இரண்டாம் வைட்ஹால் ஆய்வும், பணியின்மீது பிடி குறைந்த கீழ்நிலை ஊழியர்க்கே இதயநோய் மிகுதி எனக் காட்டியது. அதிகாரிகளின் நோய் என ஸ்ட்ரெஸ் பெயர்பெற்றிருந்த காலத்தில் இது எதிர்பாராத முடிபு.

கராசெக்கின் சொல்லைத் தமிழில் ‘முடிவெடுக்கும் இடம்’ என்று தருவது பொருந்தும். இடம் என்னும் சொல் உரிமை, வாய்ப்பு, அகலம் ஆகிய மூன்றையும் தழுவும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்னும் பழமொழி, அவ்விடத்தை யாரும் எளிதில் கொடுத்துவிடுவதில்லை என்பதற்கும் சான்றாகிறது.

மன அழுத்தம் என்னும் சொல்லின் தொடரியல் நடத்தை தனியே கருதத்தக்கது. அழுத்தம் தனித்து வரும்போது எழுவாய் ஒன்றை எளிதில் ஏற்கும்: ‘அவர்கள் அழுத்தம் கொடுத்தனர்’. முன்னே ‘மன’ சேர்ந்ததும் கொடுப்பவர் பெரும்பாலும் மறைந்துவிடுகிறார்.

(3) அவருக்கு மன அழுத்தம் இருக்கிறது.
(4) அவரை மன உளைச்சலுக்கு ஆளாக்கினர்.

(3)இல் உறுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்; காய்ச்சல், தலைவலி போன்ற நோய்ப்பெயர்களுக்கு உரிய அமைப்பு இது. (4)இல் உளைச்சலை விளைவித்தவர் வாக்கியத்தில் இருக்கிறார். நுகர்வோர் வழக்குகளில் மன உளைச்சலுக்கு இழப்பீடு கோருகின்றனரேயன்றி மன அழுத்தத்துக்குக் கோருவது அரிது. ஏனெனில் இழப்பீடு கோர ஓர் எதிராளி வேண்டும். உளைச்சல் என்பது உடல்வழிச் சொல்லும் ஆகும். நாள்முழுதும் நடந்தவருக்குக் கால் உளைச்சல். அதிலிருந்தே மன உளைச்சல். உழைப்புக்கும் நோவுக்கும் உள்ள தொடர்பு அச்சொல்லில் இன்னும் அறுபடவில்லை. வேலைப்பளு, பணிச்சுமை என்னும் சொற்களும் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரின் வேலையை மூட்டையாகவே காண்கின்றன.

மராத்தி வேறொரு படிமத்தைக் கைக்கொண்டது. அங்கு ஸ்ட்ரெஸ் என்பது ‘தாண்’, அல்லது ‘தணாவ்’. இழுத்து விறைத்த கயிற்றின் நிலை. தமிழன் மேலிருந்து அழுத்தப்படுகிறான். மராட்டியன் இருபுறமும் இழுக்கப்படுகிறான். கயிற்றை இழுப்பதற்கு இருமுனையிலும் ஆள் வேண்டும் என்பதால் மராத்திப் படிமம் சற்று மேலானது எனலாம். பேச்சுவழக்கில் இரு மொழியாரும் ‘டென்ஷன்’ என்றே கூறுகின்றனர்; அதுவும் இழுப்பே.

3. புணேயின் ஹமால்கள்

புணேயின் பழைய மொத்த வணிகம் நானா பேட்டை, பவானி பேட்டை ஆகிய பகுதிகளில் நடந்தது. பின்னர் குல்டேக்டியிலுள்ள சந்தை வளாகத்துக்குப் பெயர்ந்தது. தானியம், வெல்லம், வெங்காயம் ஆகியவற்றை வண்டியிலிருந்து இறக்குவதும் அடுக்குவதும் ஏற்றுவதும் ஹமால்களின் வேலை. ‘ஹமால்’ அரபுச் சொல். சுமப்பவன் என்பது பொருள். ‘மாத்தாடி’ என்னும் மராத்திச் சொல் ‘மாத்தா’, அதாவது தலை, என்பதிலிருந்து வந்தது, தலைச்சுமை தூக்குபவர். எடை பார்ப்பவர் ‘தோலணார்’. சேர்ந்து வேலை செய்யும் குழு ‘டோளி’. குழுத்தலைவர் முகாதம்.

இவர்களுக்கு நிலையான முதலாளி இல்லை. காலையில் ஒரு கடை, மாலையில் மற்றொரு கடை. கூலி கடைக்காரர் மனம்போல. மூட்டையின் எடை மூட்டை கட்டியவர் மனம்போல. நூறு கிலோ மூட்டை பொதுவழக்காக இருந்த காலம் அது. 1950-களின் நடுவில், மருத்துவத் தொழில் செய்துவந்த பாபா ஆடாவ் (1930–2025) இவர்களைத் திரட்டி ஹமால் பஞ்சாயத்து என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அமைப்புக்குச் சங்கம் என்று பெயரிடாமல் பஞ்சாயத்து என்று பெயரிட்டது நோக்கத்தக்கது. ஊர்க் கட்டுப்பாட்டை விதிக்கும் அவையின் பெயரை, ஊரால் சுமக்கப் பணிக்கப்பட்டோர் தமக்கு எடுத்துக்கொண்டனர்.

பஞ்சாயத்தின் கோரிக்கைகளைப் பார்த்தால் அவற்றுள் மனம் பற்றிய சொல் எதுவும் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு கூலி என வணிகர் அமைப்புடன் எழுத்தில் உடன்பாடு வேண்டும். மூட்டை 50 கிலோவுக்கு மேற்படலாகாது. முதுமையில் ஏதேனும் கிடைக்கவேண்டும். எல்லாம் எடை, எண்ணிக்கை, பணம். ஆயினும் கராசெக்கின் அளவைகளைக் கொண்டு நோக்கினால், எடைவரம்பு பணி கோரும் உழைப்பைக் குறைப்பது; எழுத்து உடன்பாடு நாளைய கூலி என்ன என்னும் நிச்சயமின்மையை நீக்குவது; டோளி தனக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வது முடிவெடுக்கும் இடம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல்தான் பெருஞ்சுமை பற்றிய 127ஆம் உடன்படிக்கையை ஏற்றது. அதனுடன் வந்த பரிந்துரை, வயதுவந்த ஆண் வழக்கமாகச் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை எல்லையாகக் கூறியது. இந்தியா அவ்வுடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது 2010இல்.

1969இல் மகாராஷ்டிர அரசு மாத்தாடி, ஹமால் மற்றும் பிற உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. மும்பையில் அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் நடந்த மாத்தாடிகளின் போராட்டமும் இதற்குக் காரணம். இச்சட்டத்தின்படி அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரைக் கொண்ட வாரியங்கள் அமைந்தன. தொழிலாளர் பெயரும் முதலாளி பெயரும் வாரியத்தில் பதிவாகும். கூலியையும் அதற்கு மேல் ஒரு விழுக்காட்டுத் தீர்வையையும் முதலாளி வாரியத்தில் செலுத்துவார். வாரியம் கூலியைத் தொழிலாளிக்குப் பகிர்ந்தளித்து, தீர்வையிலிருந்து வைப்புநிதி, பணிக்கொடை, விடுப்பூதியம் முதலியவற்றை வழங்கும். கடைக்காரரின் கணக்கேட்டுக்கு எதிரே மற்றொரு கணக்கேடு தோன்றிவிட்டது. சொல்லின் மூலப்பொருளில் ‘கன்ட்ரோல்’ என்பது இதுவே.

தமிழ்நாடு 1982இல் இயற்றிய உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பெயரில் வேறுபாடு உண்டு. மராட்டியச் சட்டம் தொழிலாளர் தம்மைத் தாமே அழைத்த பெயர்களைத் தலைப்பில் ஏற்றது. தமிழ்ச் சட்டம் ‘உடலுழைப்பு’ என்னும் பொதுச்சொல்லை ஆண்டது. மாத்தாடி என்பதற்குத் தமிழில் நேர்ச்சொல் தேடுவோர் இன்று வழங்கும் ‘சுமைப்பணித் தொழிலாளர்’ என்பதைக் கொள்ளலாம். கூலி என்னும் சொல்லைத் தவிர்ப்பது நன்று. தமிழில் ஊதியத்தைக் குறித்த அச்சொல் ஆங்கிலேயர் வாயில் ஆளைக் குறிப்பதாகி, இழிவு ஏறிய நிலையில் தொடர்வண்டி நிலையங்களுக்குத் திரும்பிவந்தது. 2016இல் இந்திய இரயில்வே அதனை ‘சஹாயக்’ என மாற்ற நேர்ந்தது.

மொழிபெயர்ப்பாளர் வழுக்கும் மற்றோர் இடத்தையும் இவண் சுட்டவேண்டும். ஹமால் பஞ்சாயத்து 1970-களில் மலிவுவிலை உணவகம் ஒன்றைத் தொடங்கி, அதற்குக் ‘கஷ்டாச்சீ பாக்கர்’ என்று பெயரிட்டது. பாக்கர் என்பது சோள அல்லது கம்பு ரொட்டி. தமிழர் இதனைக் ‘கஷ்ட ரொட்டி’ என்று பெயர்ப்பராயின் அது பஞ்சகாலத்து உணவாகத் தோன்றும். மராத்தியில் ‘கஷ்ட்’ என்பது முதன்மையாக உழைப்பு. ‘கஷ்டகரீ’ என்பவர் துன்புறுபவர் அல்லர், உழைப்பாளி. பாடுபட்டு உண்ணும் உணவு என்பதே பொருள். தமிழின் ‘பாடு’ என்னும் சொல்லிலும் உழைப்பும் துன்பமும் ஒருங்கே உள்ளன என்பதால், ‘பாட்டாளி’ என்பது கஷ்டகரீ என்பதற்கு ஏறக்குறைய நிகரான சொல்லாகும்.

இவற்றால் ஹமால்களின் உடல்நோவு ஒழிந்துவிட்டது என்று கருதலாகாது. 50 கிலோவும் பளுவே. மூட்டைக் கணக்கில் கூலி என்பதால் தம் உடலைத் தாமே விரட்டுவோரும் உண்டு. அது பிடி உள்ளவர் தம்மையே வருத்திக்கொள்ளும் முரண். பதிவுபெறாத சந்தைகளும் பல. மறுபுறம், சுமைத் தொழிலாளரின் பெயரால் வேலை செய்யாமலே பணம் கேட்கும் கும்பல்கள் பற்றி மகாராஷ்டிரத் தொழில்முனைவோர் நெடுங்காலமாக முறையிட்டுவருகின்றனர். கேரளத்தில் ‘நோக்குகூலி’ எனப்படுவது இத்தகையதே. அங்கு அது தடைசெய்யப்பட்டது. பிடி என்பது எவர் கையில் இருந்தாலும் இறுகக்கூடியது.

சுமையை எப்போது இறக்குவது என்பதைச் சுமப்பவரே முடிவு செய்வதற்குத் தமிழகத்தில் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. சாலையோரச் சுமைதாங்கிக் கல் அது. இரு கற்றூண்கள்மேல் கிடத்திய ஒரு கற்பலகை. தலையிலிருப்பதை வேறொருவர் கைகொடுக்காமலேயே இறக்கி, மீண்டும் ஏற்றிக்கொள்ளத்தக்க உயரம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நட்டனர். இச்சொல்லின் பிற்கால வரலாறு மன அழுத்தத்தின் வரலாற்றை ஒத்தது. இன்று சுமைதாங்கி என்றால் குடும்பப் பாரத்தைப் பேசாமல் ஏற்கும் மனிதரே நினைவுக்கு வருவார். 1962இல் வெளிவந்த திரைப்படத்தின் பெயரும் அப்பொருளதே. சுமப்பவர்க்கு ஓய்வு தந்த கல் மறைந்து, ஓய்வின்றிச் சுமக்கும் ஆள் அப்பெயரைப் பெற்றுவிட்டார்.

4. குழுவுக்குள் பணி: அகமதாபாத்திலிருந்து ஓர் ஒப்பீடு

டோளி போன்ற அமைப்பை ஆய்வுநோக்கில் உருவாக்கிப் பார்த்த முயற்சியும் மேற்கிந்தியாவிலேயே நடந்தது. 1953இல் லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், அகமதாபாத்தின் காலிகோ ஆலைகளுக்கு வந்தார். புதிய தானியங்கித் தறிகள் இருந்தும் உற்பத்தி உயரவில்லை. தறிகளுக்கிடையே பலர் பல பெயரில் தனித்தனி வேலை செய்தனர். எவரும் எவருடனும் ஒரு குழுவாக அமையவில்லை. குறிப்பிட்ட தறித்தொகுதி ஒன்றுக்கு ஒரு சிறு குழுவே முழுப்பொறுப்பு என்னும் கருத்தை ரைஸ் முன்வைத்தார். தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அதனை உடனே பற்றிக்கொண்டு, யார் எக்குழுவில் சேர்வது என்பதைத் தாமே முடிவு செய்தனர். உற்பத்தி உயர்ந்தது, பழுது குறைந்தது. இதனை அவர் 1958இல் நூலாக வெளியிட்டார். 1970இல் எரிக் மில்லர் மீண்டும் சென்று பார்த்தபோது, ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை ஏறத்தாழ மாறாமல் நிலைத்திருந்தது. மற்றவற்றில் பல்வேறு அளவில் தேய்ந்து பழைய முறைக்குத் திரும்பியிருந்தது.

ரைஸின் குழுவும் புணேயின் டோளியும் வெளித்தோற்றத்தில் ஒத்தவை. ஆனால் முன்னது மேலாண்மை இசைந்து அளித்தது. பின்னதன் பின்னால் சட்டமும் பஞ்சாயத்தும் இருந்தன. இந்திய அரசியலமைப்பில் 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் சேர்த்த 43-அ உறுப்பு, தொழிலக மேலாண்மையில் தொழிலாளர் ‘பங்கேற்பு’ பற்றியே பேசுகிறது. பங்கேற்பு என்பது அவையில் ஓர் இருக்கை. கட்டுப்பாடு என்னும் சொல்லைச் சட்டம் தொழிலாளர்க்கு வழங்கவில்லை.

5. சிவப்புப் புள்ளி

1993இல் புணேயின் குப்பை பொறுக்குவோர், பெரும்பாலும் தலித் பெண்கள், காகத் காச் பத்ரா கஷ்டகரீ பஞ்சாயத்து என்னும் அமைப்பை நிறுவினர். காகிதம், கண்ணாடி, தகரம் என்பன அப்பெயரின் முதல் மூன்று சொற்கள். இறுதி இரண்டும் முன்னரே கண்டவை. ஹமால்களின் பெயரிடுமரபு தொடர்வதைக் காணலாம். பாபா ஆடாவ் இவ்வமைப்பிலும் பங்கு கொண்டவர். இவர்களே உறுப்பினராகவும் உரிமையாளராகவும் உள்ள ‘ஸ்வச்ச்’ கூட்டுறவு, 2008இல் புணே மாநகராட்சியுடன் உடன்பாடு செய்துகொண்டு வீடுதோறும் கழிவு திரட்டத் தொடங்கியது. கட்டணத்தை வீட்டாரிடமிருந்து உறுப்பினரே பெறுகின்றனர். பிரித்தெடுத்த பொருளை விற்கும் உரிமையும் அவர்களுடையது.

இவ்வமைப்பு முன்னெடுத்த ‘சிவப்புப் புள்ளி’ இயக்கம் சொற்பொருள் ஆய்வாளர்க்குச் சுவையானது. பயன்படுத்திய மாதவிடாய்ப் பஞ்சட்டைகளையும் குழந்தைகளின் கழிவாடைகளையும் வெறுங்கையால் பிரிக்க நேர்வது இப்பெண்களுக்கு அருவருப்பும் நோயச்சமும் தந்தது. அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு சிவப்புப் புள்ளியிட்டு, தனியே தருமாறு அவர்கள் வீட்டாரைக் கேட்டனர். புள்ளியைக் கண்டால் பொட்டலத்தைத் திறக்கவேண்டியதில்லை. வேலையின் ஒரு கூறு, அதனைச் செய்பவர் வகுத்த ஒரு குறியால் மாறியது. அருவருப்பைத் தாங்கப் பழக்கும் பயிற்சி எதுவும் அதில் இல்லை.

6. பெயர்ப்பு

2024ஆம் ஆண்டின் விவாதத்தில் உள்வலிமை, தியானம், குடும்பத்தின் துணை ஆகியவை மிகுதியாகப் பேசப்பட்டன. அவ்வாறு பேசியோர் கண்டனத்துக்கும் உள்ளாயினர். உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுநெறிகள், பணியாளர்க்குத் தனிநிலைப் பயிற்சி அளிப்பதோடு பணியின் அமைப்பையே மாற்றவேண்டும் என்பதையும் பரிந்துரைக்கின்றன. இவற்றைத் தமிழாக்குவோர் எந்தச் சொல்லைத் தெரிகின்றனரோ அதனைப் பொறுத்து இவ்விரண்டனுள் ஒன்று முன்னிற்கும்.

கராசெக்கின் நூல்களுக்குப் புறக்காரணத்தையும் அகவிளைவையும் பிரித்துக் காட்டும் இரு சொற்கள் இன்றியமையாதவை. தகைவு, திரிபு என்பன இயற்பியலில் நிலைபெற்றன. ஆயினும் ‘பணித்திரிபு’ என்றால் பணியைத் திரித்தல் என்றாகும். வேலைப்பளு, உளைச்சல் என்னும் வழக்குச் சொற்கள் அப்பிரிவைத் தாமாகவே காட்டுகின்றன. பளு வேலையினுடையது, உளைச்சல் ஆளினுடையது. மன அழுத்தத்தை மருத்துவர் பயன்பாட்டுக்கு விட்டுவிடலாம்.

‘கன்ட்ரோல்’ என்பதற்கு ‘ஆளுகை’ முன்மொழியப்படலாம். ஆட்சியின் வாடை அதில் உண்டு. ‘தன்னாட்சி’ ஊராட்சிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரியதாகிவிட்டது. பேச்சுவழக்கின் ‘பிடி’ பொருத்தமானது; வேலை என் பிடியில் இல்லை என்று எவரும் இயல்பாகச் சொல்வர். ஆனால் ஆய்வுநடைக்கு அதனைப் பலர் ஏற்கமாட்டார். தொகையாகச் சுருக்க முயல்வதே மயக்கத்தின் தோற்றுவாய் என்பதால், தொகையை விரித்து, ‘தம்’ என்னும் தற்சுட்டும் இரண்டாம் வேற்றுமை உருபும் பிறவினையும் வெளிப்பட ‘தொழிலாளர் தம் பணியைக் கட்டுப்படுத்துதல்’ என்று எழுதினால் புலியும் யானையும் தத்தம் இடத்தில் நிற்கும். கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் இவ்வாறு விரித்தெழுதி, பின்னர் ‘பணிமேற்பிடி’ என்றோ ‘பணியாளுகை’ என்றோ சுருக்கிக்கொள்ளலாம். இரண்டாவது சொல்லிலும் ‘பணியாள்’ என்னும் பகுதி தோன்றி வேலைக்காரரின் கை என்று பிரித்துப் படிக்க இடமுண்டு. அச்சில் ‘பணி ஆளுகை’ எனப் பிரித்தே இடுவது நன்று.